வாங்குமுன் காணும் குறிகள்



சந்தையில் மண்பானை வாங்குகிறவர்கள் அதைக் கையில் எடுத்து விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் பானை நல்லது. மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல் இருக்கிறது என்று அறிந்து கீழே வைத்துவிடுவார்கள். மாடு வாங்குவோர் பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், சிறிது தூரம் நடத்தியும் பார்ப்பார்கள். சேலை வாங்குவோர் முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பிடிப்பார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அதன் குணத்தையும் குற்றத்தையும் வெளியே காட்டும் குறிகள் சில உண்டு. அக்குறிகளை அறிந்தவரை எந்த வணிகரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது.

இக்காலத்து மாணவர்கள் ஆவலுடன் வாங்கும் பொருள்களுள் வீடியோ விளையாட்டும் ஒன்று. பெரிய நிறுவனங்கள் வெளியிடும் புதிய விளையாட்டு ஒன்றின் விலை அமெரிக்காவில் பல ஆண்டுகள் 60 டாலராக இருந்தது. 2020ஆம் ஆண்டு முதல் 70 டாலராக உயரத் தொடங்கியது. நம் நாட்டிலும் இத்தகைய விளையாட்டுகள் நாலாயிரம், ஐந்தாயிரம் ரூபாய்க்கு விற்பதைக் காண்கிறோம். படிக்கும் பிள்ளைக்கு இது சிறு தொகை அன்று. பல மாதம் சேர்த்த காசாக இருக்கலாம். தந்தையின் சம்பளத்திலிருந்து கேட்டுப் பெற்ற காசாக இருக்கலாம். அந்தக் காசைக் கொடுத்து வாங்கும் பொருளையோ சுண்டிப் பார்க்க வழியில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கவும் வழியில்லை. அப்படியானால், வாங்குவோர் எந்தக் குறிகளைக் கண்டு தயங்குகிறார்கள்? அந்தத் தயக்கம் நியாயமானதா? இவ்விரு வினாக்களையும் இன்று சிறிது ஆராய்வோம்.

பொருளியல் அறிஞர்கள் இந்தச் சிக்கலை முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஃபிலிப் நெல்சன் என்பவர் 1970ஆம் ஆண்டில் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றில் பொருள்களை இரு வகையாகப் பிரித்தார். வாங்குமுன் பார்த்தே தரம் அறியக்கூடியவை ஒரு வகை. பயன்படுத்திய பிறகே தரம் தெரியக்கூடியவை மற்றொரு வகை. பின்னதை அநுபவப் பொருள் என்று கூறலாம். வீடியோ விளையாட்டு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பத்து மணி நேரம் ஆடிய பிறகே அதன் சுவையும் சலிப்பும் புலப்படும்.

அதே 1970ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் என்னும் அமெரிக்க அறிஞர், பழைய கார்களை விற்கும் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஓர் உண்மையை விளக்கினார். விற்பவருக்குப் பொருளின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எந்தக் காரையும் முழுதாக நம்பாமல் குறைந்த விலைக்கே கேட்பார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க உரியவருக்கு மனம் வராது. அவர் சந்தையை விட்டு விலகுவார். நாளடைவில் மோசமான கார்களே சந்தையில் எஞ்சும். இந்த ஆராய்ச்சிக்காகவும் இதைச் சார்ந்த பணிகளுக்காகவும் அவர் 2001ஆம் ஆண்டில் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியும் குறிகள் இல்லாத சந்தையில் இரண்டும் சேர்ந்தே அழியும் என்பது அவர் கருத்தின் சாரம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. வீடியோ விளையாட்டின் வரலாற்றிலேயே இது நடந்திருக்கிறது. 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அடாரி நிறுவனத்தின் விளையாட்டுப் பெட்டி வீடுதோறும் இருந்தது. அதற்கு விளையாட்டு செய்து கொடுத்தால் பணம் குவியும் என்று கண்டு, தொழில் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒருங்கே புகுந்தார்கள். காலை உணவுக்கு ஓட்ஸ் விற்கும் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம்கூட ஒரு விளையாட்டுக் கம்பெனியை நடத்தியது. கடைகளின் அலமாரிகளில் பல நிற அட்டைப் பெட்டிகள் நிறைந்தன. அட்டையின் மேல் அழகான ஓவியம். உள்ளே என்ன இருக்கிறது என்பது வீட்டுக்குப் போன பிறகே தெரியும்.

அவ்வாண்டில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'ஈ.டி.' என்னும் திரைப்படம் பெரும் புகழ் பெற்றது. அதைத் தழுவி விளையாட்டு ஒன்றைக் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அடாரி விரும்பியது. பேச்சுவார்த்தை முடிந்தபோது ஜூலை மாதம் கழியும் தறுவாயில் இருந்தது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே மனிதர் சுமார் ஐந்து வாரத்தில் அதைச் செய்து முடிக்க வேண்டியதாயிற்று. பல மாதம் பிடிக்கும் வேலை அது. படத்தின் பெயரை நம்பிப் பெற்றோர்கள் வாங்கினார்கள். ஆடிய பிள்ளைகளோ, அந்தக் கதாபாத்திரம் ஓயாமல் குழியில் விழுவதைக் கண்டு மனம் சலித்தார்கள். விற்காமலும் திரும்பி வந்தும் லட்சக்கணக்கில் சரக்கு மிஞ்சியது. 1983ஆம் ஆண்டில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ என்னும் ஊரில் அடாரி தன் சரக்கைக் குப்பை மேட்டில் கொட்டிப் புதைத்தது. அது கட்டுக்கதை என்று பலர் எண்ணியிருந்தனர். 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் தோண்டிப் பார்த்தபோது, பல விளையாட்டுகளோடு இதுவும் மண்ணுக்கு அடியிலிருந்து வெளிவந்தது.

ஒரு விளையாட்டு தோற்றதனால் அந்தத் தொழில் சாய்ந்துவிடவில்லை. மக்கள் நம்பிக்கை இழந்ததே காரணம். முப்பது, நாற்பது டாலர் விலையுள்ள விளையாட்டுகளை ஐந்து டாலருக்குக் கூவி விற்றார்கள். ஐந்து டாலருக்குக் குப்பை கிடைக்கும்போது, உழைத்துச் செய்த நல்ல விளையாட்டுக்கு நாற்பது டாலர் கொடுப்பவர் யார்? ஆக்கர்லாஃப் சொன்னபடியே நல்லதும் கெட்டதோடு சேர்ந்து வீழ்ந்தது. 1983ஆம் ஆண்டில் முந்நூறு கோடி டாலருக்கு மேல் இருந்ததாகக் கூறப்படும் அமெரிக்க வியாபாரம், இரண்டே ஆண்டுகளில் பத்துக் கோடி டாலர் அளவுக்குச் சுருங்கியது.

1985ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ அமெரிக்காவில் தன் விளையாட்டுப் பெட்டியை விற்க வந்தபோது, இந்த நம்பிக்கையின்மையையே முதலில் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே அது அட்டைப் பெட்டியின் மேல் ஒரு முத்திரையைப் பொறித்தது. தான் ஒப்பாத விளையாட்டு தன் பெட்டியில் ஓடாதபடி ஒரு சிறு மின்கருவியையும் உள்ளே வைத்தது. பிற நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடலாகாது என்றும் வரையறுத்தது. முத்திரை மக்களுக்கு ஓரளவு நம்பிக்கை அளித்தது. ஆனால் முத்திரை விற்பவர் கையில் இருப்பது. பொருள் ஓடும் என்பதற்கு அது உறுதி கூறும். பொருள் சுவைக்கும் என்பதற்கு உறுதி கூறாது. ஆதலால் வாங்குவோர் தமக்கென்று சில குறிகளைத் தாமே கண்டறிய வேண்டியவர் ஆயினர். இன்று உலகெங்கும் அநுபவம் மிக்க ஆட்டக்காரர்கள் கண்டு தயங்கும் குறிகளுள் நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதற் குறி, படம் வேறு, பொருள் வேறாக இருப்பது. ஒரு விளையாட்டு வெளிவருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அதன் முன்னோட்டப் படத்தைக் காட்டுகிறார்கள். திரைப்படம் போல ஒளியும் இசையும் கலந்து அது மனத்தைக் கவருகிறது. ஆனால் அதில் ஆடுபவர் கையால் நடப்பது எது, ஓவியர் தனியே வரைந்து சேர்த்தது எது என்று பிரித்துக் காண்பது கடினம். 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் சேகா நிறுவனம் வெளியிட்ட 'ஏலியன்ஸ்: கொலோனியல் மரீன்ஸ்' என்னும் விளையாட்டு இதற்குச் சான்று. முன்கூட்டிக் காட்டிய காட்சிகளில் இருந்த ஒளியமைப்பும் உயிர்ப்பும் விற்ற பொருளில் இல்லை. பிரிட்டனில் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பிடம் முறையீடு சென்றது. முன்னோட்டங்கள் இறுதிப் பொருளைச் சரியாகக் காட்டவில்லை என்பதை நிறுவனம் ஏற்றுக்கொண்டு, அவற்றில் விளக்கக் குறிப்பைச் சேர்க்க இசைந்தது. குறிப்பு வந்தது, ஆனால் காசு கொடுத்தவர்கள் முன்பே கொடுத்துவிட்டார்கள்.

இதனால் அறிந்தவர்கள் ஒரு வழக்கத்தை மேற்கொள்கிறார்கள். அழகிய முன்னோட்டத்தை ஓவியமாகப் பார்த்து மகிழ்வார்கள். விலையைப் பற்றி எண்ணும்போது, ஒருவர் உட்கார்ந்து இடைவிடாமல் ஆடிக் காட்டும் காட்சி உண்டா என்று தேடுவார்கள். வெளியீட்டு நாள் நெருங்கியும் அத்தகைய காட்சி ஒன்றும் வராவிட்டால், கையிலுள்ள காசைப் பைக்குள் வைத்துவிடுவார்கள்.

இரண்டாங் குறி, காசுக்கு அவசரமும் கருத்துக்குத் தடையும் ஒன்றாக இருப்பது. பொருள் வெளிவருமுன்பே முன்பதிவு செய்க என்கிறார்கள். முன்பதிவு செய்பவருக்குத் தனி உடை, தனி வாள் என்று சிறு பரிசுகள் தருகிறார்கள். அதே சமயத்தில், மதிப்புரை எழுதும் பத்திரிகையாளரிடம், இன்ன நேரத்துக்கு முன் எழுதலாகாது என்று கட்டுப்பாடு விதிக்கிறார்கள். இக்கட்டுப்பாடு பத்திரிகை உலகில் பொதுவாக உள்ளதே, அதனால் தவறில்லை. ஆனால் அந்த நேரம் விற்பனை தொடங்கிய பிறகு வருமானால், எச்சரிக்கை மணி அங்கே ஒலிக்கிறது. 2014ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் வெளிவந்த 'அசாசின்ஸ் கிரீட்: யூனிட்டி' என்னும் விளையாட்டு அமெரிக்காவில் நள்ளிரவில் விற்பனைக்கு வந்தது, மதிப்புரைகளோ நண்பகல் வரை வெளிவரக் கூடவில்லை. அந்த இடைவேளையில் வாங்கியவர்கள் கண்டது என்ன? பிழைகள் மலிந்த ஆட்டம். சிலர் திரையில் மனிதருக்கு முகமே இல்லாமல் கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்தில் மிதந்தன. பின்னர் யூபிசாஃப்ட் நிறுவனம் வருத்தம் தெரிவித்து, கூடுதல் பகுதி ஒன்றை இலவசமாக வழங்கியது.

இதைவிடப் பெரிய பாடம் 2020ஆம் ஆண்டில் கிடைத்தது. போலந்து நாட்டின் சிடி ப்ரொஜெக்ட் என்னும் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் 'விட்சர் 3' என்னும் விளையாட்டினால் உலகப் புகழ் பெற்றிருந்தது. அதன் அடுத்த படைப்பாகிய 'சைபர்பங்க் 2077' 2020ஆம் ஆண்டில் மட்டும் மூன்று முறை தள்ளிவைக்கப்பட்டு, டிசம்பர் 10ஆம் நாள் வெளிவந்தது. அந்நிறுவனத்தின் நற்பெயரை நம்பி, 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தனர். வெளியீட்டுக்கு முன் மதிப்புரையாளர்களுக்குக் கிடைத்தது உயர்ந்த கணினியில் ஆடும் பிரதி மட்டுமே. 2013ஆம் ஆண்டில் வந்த பழைய விளையாட்டுப் பெட்டிகளில் அது எப்படி ஓடும் என்பதைக் காட்டும் பிரதி அவர்களுக்குத் தரப்படவில்லை. அவர்கள் தாமே பதிவு செய்த காட்சிகளை முதல் மதிப்புரைகளில் காட்டவும் அநுமதி இல்லை. மதிப்புரைகள் புகழ்ந்தன, அவை பொய்யும் அல்ல. ஆனால் பழைய பெட்டியை வைத்திருந்த பிள்ளை வாங்கி ஆடியபோது, படம் நின்று நின்று ஓடியது. ஆட்டம் அடிக்கடி அறுந்து நின்றது. நான்கு நாளில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. டிசம்பர் 17ஆம் நாள் சோனி நிறுவனம் அவ்விளையாட்டைத் தன் இணையக் கடையிலிருந்தே விலக்கியது. அது மறுபடியும் அங்கே இடம் பெற ஆறு மாதங்கள் ஆயின.

இந்த நிகழ்ச்சியில் நுட்பம் ஒன்று உண்டு. நற்பெயர் இருந்தது, மதிப்புரையும் இருந்தது. இல்லாதது, என்னிடமுள்ள பெட்டியில் இது எப்படி ஓடுகிறது என்ற ஒரே கேள்விக்கு விடை. எது காட்டப்படுகிறது என்பதைவிட எது காட்டப்படவில்லை என்பதே கூர்ந்து நோக்கத் தக்கது. விற்பவரின் மௌனமும் ஒரு குறியே.

மூன்றாங் குறி, வாசலில் ஒருமுறை, உள்ளே பலமுறை காசு கேட்பது. 2006ஆம் ஆண்டில் 'ஆப்லிவியன்' என்னும் விளையாட்டில் குதிரைக்கு ஒரு கவசம் தனியே இரண்டரை டாலருக்கு விற்கப்பட்டது. பலர் அதைக் கண்டு நகைத்தார்கள். நகைத்த காலம் போய், அதுவே வழக்கமாகிவிட்டது. அதன் பின் பெட்டி முறை பரவியது. ஆங்கிலத்தில் லூட் பாக்ஸ் என்று சொல்லப்படும் இப்பெட்டியைக் காசு கொடுத்து வாங்கித் திறந்தால்தான் உள்ளிருப்பது தெரியும். வேண்டியது கிடைக்காவிட்டால் மறுபடியும் வாங்க வேண்டும். திருவிழாக் கடையில் வளையம் எறிந்து பொருள் எடுக்கும் ஆட்டத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். அங்கே வளையம் உங்கள் கையில் இருக்கிறது. இங்கே அதுவும் விற்பவர் கையில் இருக்கிறது.

2017ஆம் ஆண்டு நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2' என்னும் விளையாட்டை வெளியிட இருந்தது. முழு விலை கொடுத்து வாங்கியவர்களுக்கும், கதையின் தலைசிறந்த பாத்திரங்களாகிய டார்த் வேடர் முதலியோர் பூட்டியே வைக்கப்பட்டிருந்தனர். வேடரைத் திறக்க ஆட்டத்தில் 60,000 புள்ளிக்காசு சேர்க்க வேண்டும். அதற்குச் சுமார் 40 மணி நேரம் ஆட வேண்டியிருக்கும் என்று ஆட்டக்காரர் ஒருவர் கணக்கிட்டுக் காட்டினார். அத்துடன், ஆட்டத்தில் வலிமை கூட்டும் பொருள்கள் பெட்டிகளுக்குள் இருந்தன. பெட்டிகளைப் பணம் கொடுத்தும் வாங்கலாம். காசுள்ளவன் வலியவனாகும் ஆட்டத்தில் திறமைக்கு என்ன மதிப்பு? உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் அந்த அளவை முக்கால் பங்கு குறைத்தது, எதிர்ப்பு அடங்கவில்லை. வெளியீட்டுக்கு முந்தைய நாளாகிய நவம்பர் 16ஆம் நாள், ஆட்டத்துக்குள் பணம் கேட்பதையே நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையம் வேறு சில புகழ்பெற்ற விளையாட்டுகளில் இருந்த இத்தகைய பெட்டிகள் அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்கு மாறானவை என்று முடிவு செய்தது.

வாங்க மறுத்தவர்களின் குரல் ஒரு பெரிய நிறுவனத்தின் திட்டத்தை ஒரே வாரத்தில் மாற்றியது என்பதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். குறிகளை அறிதல் தன் பையைக் காப்பதோடு நில்லாமல் பொதுச் சந்தையையும் திருத்துகிறது.

நான்காங் குறி, சாவி விற்பவர் கையிலேயே இருப்பது. ஒரு புத்தகம் வாங்கினால், பதிப்பகம் மூடினாலும் புத்தகம் நம் அலமாரியில் இருக்கும். சில விளையாட்டுகளோ நிறுவனத்தின் சர்வர் என்னும் மையக் கணினியோடு எந்நேரமும் தொடர்பு கொண்டால்தான் ஓடும். 2013ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த 'சிம்சிட்டி' தனியே ஒருவர் நகரம் அமைத்து ஆடத்தக்க விளையாட்டு. ஆயினும் அதற்கும் இத்தொடர்பு கட்டாயம் என்றார்கள். முதல் வாரத்தில் கூட்டம் தாங்காமல் சர்வர்கள் திணறின. காசு கொடுத்தவர்கள் வாசலில் நின்றார்கள். தொடர்பின்றி ஆடும் வசதி ஓராண்டு கழித்தே வந்தது. யூபிசாஃப்டின் 'தி குரூ' என்னும் கார்ப் பந்தய விளையாட்டு 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2024ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் அதன் சர்வர்கள் நிறுத்தப்பட்டன. அன்றோடு, விலை கொடுத்து வாங்கியவர் தனியே ஆடவும் இயலாமற் போயிற்று. இதைக் கண்டு, விற்ற விளையாட்டுகளைச் செயலற்றவையாக்குவதைத் தடுக்க வேண்டும் என்னும் இயக்கம் தோன்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அக்கோரிக்கைக்கு ஆதரவு தந்தோர் தொகை 2025ஆம் ஆண்டு ஜூலையில் பத்து லட்சத்தைத் தாண்டியது. கலிபோர்னியா மாநிலமோ, இணையத்தில் விற்பது முழு உடைமை அன்று, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இயற்றி, 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது.

இனி, குறிகளைப் படிப்பதில் நேரும் தவறுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கீறல் இல்லாத பானையையும் கீறலுடையது என்று ஒதுக்கினால் குயவனுக்கு அநீதி செய்தவர்கள் ஆவோம். வெளியீடு தள்ளிப்போவதைக் கண்டே சிலர் அஞ்சுகிறார்கள். தள்ளிவைப்பது சில வேளை தரத்தின் மேலுள்ள அக்கறையைக் காட்டும். முழுமையடையாத விளையாட்டை விற்பதே குற்றம் என்று சிலர் கருதுகிறார்கள். பெல்ஜியத்து லாரியன் நிறுவனம் 'பால்டர்ஸ் கேட் 3' என்னும் விளையாட்டின் முதற் பகுதியை மட்டும் 2020ஆம் ஆண்டு அக்டோபரில் விற்பனைக்கு விட்டது. இது முடியாத வேலை என்று வெளிப்படையாக அறிவித்தே விற்றது. ஆடியவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்தி, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் முழு விளையாட்டையும் வெளியிட்டுப் பெரும் பாராட்டுப் பெற்றது. குறையிருப்பது குற்றமன்று, குறையை மறைப்பதே குற்றம்.

சிறியவர் செய்தது என்று தயங்குவதும் அத்தகையதே. எரிக் பரோன் என்னும் அமெரிக்க இளைஞர், ஓவியம், இசை, நிரல் ஆகிய அனைத்தையும் தாம் ஒருவரே நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்துச் செய்து, 2016ஆம் ஆண்டில் 'ஸ்டார்டூ வேலி' என்னும் உழவு விளையாட்டை வெளியிட்டார். விலை 15 டாலர். பின்னர்ச் சேர்த்த பகுதிகளுக்கு அவர் தனிக்காசு கேட்கவில்லை. கோடிக்கணக்கானோர் அதை வாங்கி மகிழ்ந்தனர். பெரிய விளம்பரம் இல்லாமை கெட்ட குறியும் அன்று. பெரிய விளம்பரம் இருத்தல் நல்ல குறியும் அன்று.

சறுக்கியவர் திருந்துவதும் உண்டு. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' எண்ணிலடங்காக் கிரகங்களில் உலவும் ஆட்டம். வெளிவந்த நாளில் அது பலருடைய எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. ஒருவரையொருவர் சந்திக்கலாம் என்று நம்பி வாங்கியவர்கள் சந்திக்க முடியாமல் ஏமாந்தனர். செய்தவர்கள் ஓடி ஒளியாமல் ஆண்டுதோறும் இலவசமாகப் புதுப் பகுதிகளைச் சேர்த்தனர். 2018ஆம் ஆண்டு ஜூலையில் பலர் கூடி ஆடும் வசதியும் முறையாக வந்தது. இங்கும் ஓர் உண்மையைக் கவனியுங்கள். பொறுத்து வாங்கியவர் குறைந்த விலையில் நிறைந்த ஆட்டத்தைப் பெற்றார். அவசரப்பட்டவர் நிறைந்த விலையில் குறைந்த ஆட்டத்தைப் பெற்றார்.

நான்கு குறிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் அவற்றின் வேர் ஒன்றே என்பது விளங்கும். படத்தைக் காட்டிக் காசு கேட்பதும், மதிப்புரைக்கு முன் காசு கேட்பதும், மூடிய பெட்டிக்குக் காசு கேட்பதும், சாவியைத் தராமல் காசு கேட்பதும் ஆகிய எல்லாவற்றிலும் வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய ஒன்று மறைக்கப்படுகிறது. ஆகவே நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். நான் காசு கொடுக்கும் நேரத்தில் எனக்குத் தெரியாமல் இருப்பது எது? அது தற்செயலாகத் தெரியாமல் இருக்கிறதா, தெரியாதபடி வைக்கப்பட்டிருக்கிறதா?

இக்கேள்விக்கு மருந்து பொறுமை. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் 'தி டே பிஃபோர்' என்னும் விளையாட்டு, மிகப் பலருடைய எதிர்பார்ப்புக்கிடையே வெளிவந்தது. அதைச் செய்த நிறுவனம் டிசம்பர் 11ஆம் நாள் தன் கதவை அடைப்பதாக அறிவித்தது. நான்கே நாள் பொறுத்தவர் ஒரு காசும் இழக்கவில்லை. முன்பதிவுப் பரிசாகத் தரும் உடையும் வாளும் சில நாளில் மறந்து போகும். இழந்த நாலாயிரம் ரூபாய் எளிதில் மறவாது. வெளியீட்டுக்குப் பின் ஒரு வாரம் காத்திருங்கள். உங்களிடம் உள்ள அதே வகைக் கணினியில், அதே வகைப் பெட்டியில் ஆடியவர் சொல்வதைக் கேளுங்கள். எல்லோரும் ஒரே சினத்தில் கூவும்போது, அவர்கள் பொருளைப் பற்றிப் பேசுகிறார்களா, வேறு பகையைத் தீர்க்கிறார்களா என்றும் பிரித்துப் பாருங்கள். கூட்டத்தின் ஆரவாரமும் விளம்பரத்தின் ஆரவாரத்தைப் போலவே கண்ணை மறைக்கும். பணம் திரும்பத் தரும் விதியையும் முன்பே படித்து வையுங்கள். ஸ்டீம் என்னும் இணையக் கடை 2015ஆம் ஆண்டு ஜூன் முதல், வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தரும் முறையைக் கொண்டிருக்கிறது. பானையைச் சுண்டிப் பார்ப்பதற்கு ஒப்பான வசதி அது. அந்த இரண்டு மணி நேரத்தை வீணாக்கலாகாது.

திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அது அரசன் தனக்குரியாரை ஆராய்ந்து தேர்வது பற்றியது. ஆராயாமல் நம்புவதும் தவறு. ஆராய்ந்து தேர்ந்தபின் ஐயுறுவதும் தவறு என்பது அதன் நெறி. இந்நெறி சிறிய வாணிபத்துக்கும் பொருந்தும். எல்லாவற்றையும் சந்தேகிப்பவன் எந்த ஆட்டத்தின் இன்பத்தையும் அடையமாட்டான். ஒன்றையும் சந்தேகியாதவன் காசையும் இழந்து, ஆட்டத்தின் மேலுள்ள அன்பையும் இழப்பான்.

மாணவ நண்பர்களே, விளையாட்டைச் செய்வதும் ஒரு கலையே. ஓவியரும் இசைவாணரும் கதாசிரியரும் கணித வல்லுநரும் கூடிப் பல ஆண்டு உழைத்து அதை ஆக்குகிறார்கள். உங்களுள் சிலர் நாளை அத்தொழிலில் புகவும் கூடும். அன்று நீங்கள் நேர்மையாகச் செய்த பொருள் விலை போக வேண்டுமானால், நல்லதை நல்லதென்று அறிந்து வாங்குவோர் சந்தையில் இருக்க வேண்டும். அவர்கள் இல்லாத சந்தை 1983ஆம் ஆண்டில் என்ன ஆயிற்று என்று கண்டோம். குறி பார்த்து வாங்குபவர் நல்ல தொழிலாளிக்குப் பகைவர் அல்லர். அவனுடைய உழைப்புக்கு உரிய விலை கிடைக்கச் செய்யும் துணைவர். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு காசும், இத்தகைய பொருளை இன்னும் செய்க என்று சொல்லும் ஓர் ஆணை. அந்த ஆணையை யாருக்கு இடுகிறோம் என்று எண்ணிப் பார்த்து இடுங்கள்.